நான்கு சக்கரமும் எந்நாளும்

(மழைக்காலத்திற்கு முன் தாமலில் கூடிய ஆதரவாளர் கூட்டத்தில் நமது மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)



மழை தொடங்குமுன் உங்களை இந்தத் தாமல் ஊரில் முகமுகமாய்க் காணும்படி தேவன் கிருபை செய்தார். அவருக்கே ஸ்தோத்திரம் உண்டாவதாக.

இன்று நான் பேசப்போகும் பொருளைக் கேட்டால் உங்களில் சிலர் சிரிப்பீர்கள். ஜீப்பின் அடியில் கிரீஸும் சேறுமாய்க் கிடக்கிற ஒரு பெட்டியைப் பற்றிப் பேசப்போகிறேன். அதன் பெயர் டிரான்ஸ்பர் கேஸ். இறையியல் கல்லூரியில் நான் படித்த எபிரெயமும் கிரேக்கமும் இதற்கு உதவவில்லை. நம் டிரைவர் தம்பியிடமும் காஞ்சிபுரத்தில் வண்டி பார்க்கிற மெக்கானிக்கிடமும் பல நாள் உட்கார்ந்து கேட்டுத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

காரியம் இதுதான். அமெரிக்காவில் வாழும் நம் ஆதரவாளர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் கடிதம் எழுதினார். நம்முடைய கிராம மருத்துவ வண்டி தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்திலும் இழுக்கிற வண்டி. அதன் டிரான்ஸ்பர் கேஸை மாற்றி எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும்படி செய்யலாமே, செலவை நான் ஏற்கிறேன் என்றார். தம்முடைய ஜீப்பில் அவர் அப்படிச் செய்து பல ஆண்டு ஓட்டியிருக்கிறாராம். நிர்வாகக் குழு இதை உங்கள் முன் வைக்க விரும்பியது. காணிக்கை உங்களுடையது, ஆகையால் அது எதற்குப் போகிறது, எதற்குப் போகக்கூடாது என்று அறிய உங்களுக்கு உரிமை உண்டு.

முதலாவது, நம் பாதையைப் பாருங்கள். சென்னையிலிருந்து பெங்களூர் போகும் தேசிய நெடுஞ்சாலை இந்த ஊரை ஒட்டித்தான் போகிறது. அந்தச் சாலையில் எந்தக் காரும் போகும். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியவுடன் கதை வேறு. இது ஏரிகளின் நாடு. தாமல் ஏரி காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. இங்கிருந்து பாலாற்றைத் தாண்டி உத்திரமேரூர் வரைக்கும் ஏரியும் கரையும் மதகும் கலங்கலுமாகவே இருக்கிறது. கொஞ்ச தூரம் தார். பிறகு ஏரிக்கரை மண். பிறகு ஊருக்குள் சிமெண்ட் தெரு. அதைத் தாண்டினால் நெல்வயலை ஒட்டிய களிமண் தடம். மறுபடியும் தார். ஐப்பசி கார்த்திகையில் ஒரே பயணத்தில் இத்தனை வகை நிலமும் மாறி மாறி வரும்.

அந்தப் பாதையின் மறுமுனையில் யார் காத்திருக்கிறார்கள்? இன்சுலின் வேண்டிய ஒரு தாயார். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிற ஒரு பிள்ளை. காசநோய்க்கு மருந்து தொடங்கி மூன்றாம் மாதத்தில் இருக்கிற ஒரு கூலித் தொழிலாளி. இவர்களில் ஒருவருக்கும், ‘மழை விட்டபின் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்ல முடியாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பி வரும். காசநோய் மருந்தை விட்டுவிட்டுச் சாப்பிட்டால் கிருமி அந்த மருந்துக்கு அடங்காமல் போகும். அதன்பின் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அந்த அடங்காத கிருமியே பரவும்.

நம் தேசம் இந்தப் பாடத்தைக் காசநோயிலேயே கற்றிருக்கிறது. 1997-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் நோயாளிகளுக்கு வாரத்தில் மூன்று நாள் மருந்து கொடுத்தார்கள். அதனால் மிகுந்த நன்மை உண்டாயிற்று, அநேகர் பிழைத்தார்கள். ஆனாலும் 2017-ல் அந்த முறை மாற்றப்பட்டு, நாடெங்கும் தினசரி மருந்து என்று ஆயிற்று. விட்டுவிட்டுச் செய்கிற காரியம் எந்நாளும் செய்கிற காரியமாக மாறியது. நம் வண்டியைப் பற்றிய கேள்வியும் அதே கேள்விதான்.

மிஷன் மருத்துவ ஊழியத்தில் வண்டி ஒரு சிறு காரியம் அல்ல. டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் வேலூரில் வைத்தியம் தொடங்கினார்கள். 1902-ல் 40 படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை எழும்பியது. ஆயினும் மருத்துவமனைக்கு வர முடியாதவர்களை அவர்கள் மறக்கவில்லை. குடியாத்தம் சாலையில் முதலில் மாட்டு வண்டியிலும், பின்பு பெஜோ என்ற பிரெஞ்சு மோட்டார் காரிலும் போய், மரத்தடியில் நின்று நோயாளிகளைப் பார்த்தார்கள். அந்தச் சாலையோர வைத்தியம் பெரிய ஊழியமாக வளர்ந்தது. கார் பழுதானால் தள்ளினார்கள். ஆனால் குறித்த நாளில் குறித்த மரத்தடிக்கு வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை ஜனங்களுக்கு இருந்தது. மருந்தைவிட முதலில் குணமாக்கியது அந்த நம்பிக்கைதான் என்று நான் எண்ணுவதுண்டு.

பிறகு ஜீப் வந்தது. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்தார்கள். போர் முடிந்தபின் 1947 முதல் பம்பாயில் மகிந்திரா நிறுவனத்தார் அவற்றை இணைத்துக் கட்டத் தொடங்கினார்கள். அரசு அலுவலகம், வனத்துறை, எஸ்டேட், மிஷன் என்று எல்லா இடத்திலும் அந்த வண்டி ஓடியதை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். அதில் கியர் தடிக்குப் பக்கத்தில் வேறு இரண்டு சிறிய தடிகள் இருக்கும். ஒன்று முன்சக்கரத்துக்கும் விசையைச் சேர்க்கும். மற்றொன்று மெதுவாய், ஆனால் அதிக பலத்தோடு இழுக்கச் செய்யும். அந்தத் தடிகள் போய்ச் சேருகிற பெட்டிதான் டிரான்ஸ்பர் கேஸ். கியர் பாக்ஸிலிருந்து வரும் விசையை வாங்கி, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை.

பழைய ஜீப்பில் அந்தப் பங்கீடு தேவைப்படும்போது மட்டும்தான். சாதாரணமாய்ப் பின்சக்கரம் இரண்டே இழுக்கும். சேற்றிலே தடியைத் தள்ளினால் நான்கும் இழுக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் தடியைத் திரும்ப இழுத்துவிட வேண்டும். ஏன் இழுத்துவிட வேண்டும், நான்கும் இழுத்தால் நல்லதுதானே என்று நான் மெக்கானிக்கைக் கேட்டேன். அவர், “ஐயா, காய்ஞ்ச தார் ரோட்டுல நாலு வீலும் போட்டுத் திருப்பினா வண்டி தன்னையே தானே முறுக்கிக்கும்” என்றார்.

இதை விளங்கிக்கொள்ளக் களத்து மேட்டுக்கு வாருங்கள். போரடிக்கும்போது பிணையல் மாடுகள் வரிசையாய்க் கட்டப்பட்டுச் சுற்றி வருவதை நாம் சிறு வயதில் பார்த்திருக்கிறோம். உள்ளே இருக்கிற மாடு நின்ற இடத்திலேயே திரும்புவதுபோல் சிறிய அடி வைக்கும். வெளியே இருக்கிற மாடு எட்டி நடக்க வேண்டும். சுற்று ஒன்றுதான், தூரம் வேறு. எல்லா மாடும் ஒரே அளவு அடிதான் வைக்க வேண்டும் என்று எவனாவது அவற்றின் கால்களைச் சேர்த்துக் கட்டினால் என்ன ஆகும்? ஒன்று விழும், அல்லது கயிறு அறும்.

வண்டி திரும்பும்போதும் அப்படியே. முன்சக்கரங்கள் பெரிய வட்டத்தில் ஓடுகின்றன. பின்சக்கரங்கள் அதைவிடச் சிறிய வட்டத்தில் ஓடுகின்றன. முன்னச்சையும் பின்னச்சையும் ஒரே கட்டாய்ப் பூட்டிவிட்டால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் வழுக்க விடாது. ஆகவே அந்த முறுக்கெல்லாம் ஷாப்டிலும் கியரிலும் ஏறும். ஸ்டியரிங் கனக்கும். டயர் தேயும். தடியைத் திரும்ப இழுத்தால் வராது. பிடிவாதமாய் ஓட்டினால் உள்ளே ஏதாவது உடையும்.

இப்போது நம் டிரைவர் தம்பியின் பாட்டைப் பாருங்கள். ஏரிக்கரையில் நான்கு சக்கரம் வேண்டும். சிமெண்ட் தெருவில் திரும்பும்போது அது வேண்டாம். அடுத்த களிமண்ணில் மறுபடி வேண்டும். மழையில் நனைந்த தார்மேல் இரண்டு சக்கரத்தில் போனால் வால் வழுக்குகிறது. நான்கு சக்கரத்தில் போனால் திருப்பத்தில் முறுக்குகிறது. பின்னால் பனிக்குடம் உடைந்த ஒரு கர்ப்பிணி படுத்திருக்க, முன்னால் இருட்டிலே மழை பெய்ய, எது தார் எது சேறு என்று பார்த்துப் பார்த்து அவர் தடியைத் தள்ளியும் இழுத்தும் ஓட்ட வேண்டியிருக்கிறது.

எந்நேரமும் நான்கு சக்கரம் இழுக்கிற வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. அதன் டிரான்ஸ்பர் கேஸுக்குள் ஒரு டிபரன்ஷியல் இருக்கிறது. பின்னச்சின் நடுவில் உருண்டையாய்த் தொங்குகிறதே, அதே வகைப் பொருள்தான்; இது முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவில் வைக்கப்பட்டிருக்கிறது. அது இரண்டுக்கும் விசையைக் கொடுத்துக்கொண்டே, ‘நீ கொஞ்சம் வேகமாய்ப் போ, நீ கொஞ்சம் மெதுவாய்ப் போ’ என்று இடம் விடுகிறது. ஆகையால் தாரிலும் சேற்றிலும் தடியைத் தொடாமல் போகலாம்.

ஆனால் இதற்கு ஒரு பலவீனமும் உண்டு. ஒரு சக்கரம் பள்ளத்தில் அந்தரமாய்த் தொங்கினால், டிபரன்ஷியல் அதற்கும் இடம் விட்டுவிடும். அந்தச் சக்கரம் சும்மா சுழலும். மற்ற மூன்றும் நின்றுவிடும். அதற்காகவே இத்தகைய வண்டிகளில் நடு டிபரன்ஷியலைப் பூட்ட ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். சிக்கிக்கொண்டால் பூட்ட வேண்டும். வெளியே வந்ததும் திறந்துவிட வேண்டும்.

இங்கிலாந்தில் லேண்ட் ரோவர் செய்தவர்கள் இந்த வழியைத் தேடிக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. 1948-ல் வெளிவந்த முதல் வண்டிகள் எந்நேரமும் நான்கு சக்கரத்தில் ஓடின. நடுவில் டிபரன்ஷியல் இல்லாததால், முன்பக்கம் வேகமாய்ச் சுற்ற நேர்ந்தால் தானே விடுபடும்படி ஒரு சாதனம் வைத்திருந்தார்கள். சில ஆண்டுகளில் அதை விட்டு, தேவைப்படும்போது மட்டும் சேர்க்கிற முறைக்குப் போனார்கள். 1970-ல் வந்த ரேஞ்ச் ரோவரில்தான் நடு டிபரன்ஷியலோடு எந்நேரமும் நான்கு சக்கரம் என்பது வந்தது. 1983-ல் வந்த ஒன் டென் என்ற வேலை வண்டியிலும் அதை வைத்தார்கள். அதற்குப் பயன்பட்ட எல்டி 230 என்ற டிரான்ஸ்பர் கேஸைப் பழைய லேண்ட் ரோவர்களில் பொருத்திக்கொண்டவர்கள் பல தேசங்களில் இருக்கிறார்கள்.

நமக்குக் கடிதம் எழுதிய சகோதரர் செய்தது வேறொரு மாற்றம். அவரிடம் இருப்பது ஜீப் செரோக்கி. அந்த வண்டி என்பி 231 என்ற டிரான்ஸ்பர் கேஸோடும் வந்தது, என்பி 242 என்பதோடும் வந்தது. முதலாவது, தேவைக்கு மட்டும். இரண்டாவதில் இரண்டு சக்கரம், பூட்டிய நான்கு சக்கரம், டிபரன்ஷியலோடு எந்நேரமும் ஓட்டக்கூடிய நான்கு சக்கரம், மெதுவான நான்கு சக்கரம் என்று எல்லாம் உண்டு. இரண்டும் ஒரே வண்டிக்கென்று செய்யப்பட்டவை ஆனபடியால், ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டுவது அங்கே பலர் செய்கிற வேலை. தம் வண்டிக்கு நன்றாய் அமைந்ததால் நம் வண்டிக்கும் அமையும் என்று அன்பினாலே எண்ணினார்.

நம் மெக்கானிக் இதைக் கேட்டுவிட்டு ஒரு பட்டியல் சொன்னார். புதிய பெட்டிக்குள் போகிற கியர் பாக்ஸ் தண்டின் பற்கள் எண்ணிக்கையிலும் நீளத்திலும் பொருந்த வேண்டும். முன்னச்சுக்குப் போகிற ஷாப்ட் எந்தப் பக்கம் இருக்கிறதோ, பெட்டியின் வாயும் அந்தப் பக்கமே இருக்க வேண்டும். பெட்டியின் நீளம் மாறினால் இரண்டு ஷாப்டையும் வெட்டியோ நீட்டியோ மறுபடி சமன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வண்டி அதிரும். முன்னச்சின் பல் விகிதமும் பின்னச்சின் பல் விகிதமும் ஒன்றாய் இருக்க வேண்டும். முன்சக்கரக் குடத்தில் கழற்றி விடுகிற வசதி இருந்தால் அதை எப்போதும் பூட்டியே வைக்க வேண்டும். எப்போதாவது வேலை செய்து பழகிய முன்னச்சின் மூட்டுகள் இனி தினமும் வேலை செய்யும். அவை பழைய சிலுவை மூட்டாய் இருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் உதைக்கும். ஸ்பீடோமீட்டர் பல் வேறு. தடி வேறு. அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் வேறு.

இவ்வளவும் முடியாத காரியமா என்றால், இல்லை. நம் தேசத்தின் மெக்கானிக்குகள் மாற்றிப் பொருத்துவதில் கைதேர்ந்தவர்கள். டார்ஜிலிங் பக்கத்தில் மானேபஞ்சன் என்ற ஊரிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ மலைக்கு 1950-களின் லேண்ட் ரோவர்களைப் பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். பலவற்றில் பழைய இயந்திரத்தை எடுத்துவிட்டு நம் நாட்டு டீசல் இயந்திரத்தை வைத்தார்கள். பிழைப்புக்காக ஒரு ஊரே அந்த வித்தையைக் கற்றுக்கொண்டது.

ஆனால் நம்முடையது நோயாளிகளை ஏற்றும் வண்டி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்தபடியில்லாமல் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாய்ச் சொல்லிற்று. ஆர்.டி.ஓ. எழுத்தில் சம்மதம் தராமல், இன்சூரன்ஸ் கம்பெனி எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல், நாம் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக்கூடாது. நல்ல நோக்கத்துக்காகச் செய்தோம் என்பது விபத்து நடந்தபின் ஒரு பிள்ளையின் தாய்க்குச் சொல்லத்தக்க பதில் அல்ல.

இன்னொரு கேள்வியையும் நான் மறைக்க விரும்பவில்லை. சென்ற கூட்டத்தில் ஒரு தாயார் எழுந்து, ‘இந்தப் பணத்துக்கு மருந்து வாங்கலாமே, ஐயா’ என்றார்கள். நியாயமான கேள்வி. மருந்து அறையில் மருந்து நிறைந்திருந்தும் அது ஏரிக்கரையைத் தாண்டாவிட்டால் அக்கரையில் இருப்பவருக்கு அது மருந்து அல்ல. அதே சமயம், நல்ல வண்டி இருந்தும் அதில் மருந்து இல்லாவிட்டால் அது வெறும் வண்டி. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தாமல், இரண்டும் எப்படிச் சேர்ந்து போகும் என்று பார்க்க வேண்டும்.

இதற்கு நம் கிராமப் பிரிவின் சிஸ்டர் ஒரு வழி சொன்னார்கள். அது எனக்கு மிகவும் பிடித்தது. மழை தொடங்குமுன், நாள்பட்ட நோயாளிகள் ஒவ்வொருவருக்கும், டாக்டரின் சம்மதத்தோடு, இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக மாத்திரை கொடுத்துவிடலாம். இன்சுலினை மட்டும் குளிர்பெட்டி இருக்கிற ஒரு வீட்டில் பேர் எழுதி வைக்கலாம். மாதம் நிறைந்த கர்ப்பிணிகளை, ஏரி நிரம்பும் செய்தி வந்தவுடனே நெடுஞ்சாலைப் பக்கம் உள்ள உறவினர் வீட்டுக்கு வரச் சொல்லலாம். “ஐயா, வண்டி போகலன்னாலும் வைத்தியம் நிக்கக்கூடாது” என்றார்கள். எந்நேரமும் என்பதன் பொருளை அந்தச் சிஸ்டர் என்னைவிட நன்றாய் அறிந்திருக்கிறார்கள்.

ஏனென்றால் நான்கு சக்கரத்துக்கும் ஒரு எல்லை உண்டு. அது ஏறவும் இழுக்கவும் உதவும், நிற்க உதவாது. பிரேக் பிடிக்கும்போது எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரம்தான். நனைந்த ரோட்டில் அது நம்மைக் காக்கும் என்று வேகமாய்ப் போகிறவன் ஏமாந்து போவான். கலங்கல் வழிந்து தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஓடினால், எந்தப் பெட்டியை வைத்திருந்தாலும் வண்டி திரும்ப வேண்டும். 2015-ஆம் ஆண்டு மழையில் நம் மாவட்டம் பட்ட பாட்டைக் கண்ட எவரும் ஓடுகிற தண்ணீரோடு விளையாட மாட்டார்கள்.

ஆகவே குழு உங்கள் முன் வைப்பது இதுதான். கடிதம் எழுதிய சகோதரருக்கு நன்றி சொல்லி, அவர் தர முன்வந்த தொகையைத் தனியாய் வைப்போம். நம் வண்டியின் உற்பத்தியாளரே அத்தகைய பெட்டியை அதற்கென்று செய்து, சம்மதங்களும் எழுத்தில் கிடைத்தால், மாற்றுவோம். இல்லையென்றால் அந்தத் தொகை அடுத்த வண்டிக்கான நிதியின் முதல் காணிக்கையாகும். அந்த வண்டி தொழிற்சாலையிலேயே எந்நேரமும் நான்கு சக்கரம் இழுக்கும்படி செய்யப்பட்டதாய் இருக்கும். அதுவரை டிரைவர் தம்பி, சேற்றில் சிக்கியபின் அல்ல, சேறு வருமுன்னே தடியைத் தள்ளுவார்; தார் வந்ததும் எடுத்துவிடுவார். சிஸ்டர் சொன்ன ஏற்பாட்டை இந்த மழைக்கே தொடங்குவோம்.

பிரியமானவர்களே, இந்தப் பெட்டியைப் பற்றிப் படித்த நாட்களில் தேவன் எனக்குக் காட்டிய மூன்று காரியங்களை உங்களோடு பகிர்ந்துகொண்டு முடிக்கிறேன்.

முதலாவது, எந்நேரமும் என்பதற்கு ஒரு விலை உண்டு. எந்நேரமும் நான்கு சக்கரம் இழுக்கிற வண்டி காய்ந்த நாளிலும் அதற்கான டீசலைக் குடிக்கும். நான்கு டயரும் ஒரே அளவாய் இருக்க வேண்டும்; அதனால் ஒன்று கெட்டாலும் மற்றவற்றின் தேய்மானத்தையும் பார்த்தே மாற்ற வேண்டும். மழை இல்லாத சித்திரை மாதத்தில் இது வீண் செலவாய்த் தோன்றும். உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறைக்காக அவை பேர் பெற்றவை. அவற்றில் ஏரி வாரியம் என்று ஒரு வாரியம் வருகிறது. ஆண்டுதோறும் ஆட்களைத் தெரிந்தெடுத்து ஏரியைக் கவனிக்க வைத்தார்கள். கரை உடைந்த அன்று ஓடிவர எல்லோருக்கும் தெரியும். கரை உடையாத ஆண்டிலும் ஏரியைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அந்த ஊரார் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். வெள்ளம் வந்த மாதத்தில் நமக்குக் காணிக்கைகள் மிகுதியாய் வருகின்றன, தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் பங்குனியிலும் சித்திரையிலும் மாதந்தோறும் வருகிற சிறு காணிக்கைதான் அந்த வலிப்புப் பிள்ளையின் மாத்திரை.

இரண்டாவது, சேர்ந்து இழுப்பது என்பது ஒருவரையொருவர் கட்டிப்போடுவது அல்ல. நம்மில் சிலர் பெரிய வட்டத்தில் ஓட வேண்டியவர்கள். சிலர் சிறிய வட்டத்தில். பென்ஷன் வாங்குகிற ஆசிரியையும், கடை வைத்திருக்கிறவரும், வெளிநாட்டில் சம்பாதிக்கிற பிள்ளையும் ஒரே அளவு கொடுக்க முடியாது. ‘அவர் கொடுத்த அளவு நீ ஏன் கொடுக்கவில்லை’ என்று கேட்கிற சபையில் முறுக்கு ஏறும். ஒரு நாள் ஏதோ ஒன்று உடையும். இடம் விட்டுக் கொடுத்து, அதே சமயம் இழுப்பதை நிறுத்தாமல் இருக்கிற அந்த நடுப்பெட்டியின் பெயர் அன்பு. அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து சபைக்குச் சரீரத்தின் அவயவங்களைப் பற்றி எழுதியபோது இதைத்தான் விளக்கினார் என்று நான் விசுவாசிக்கிறேன்.

மூன்றாவது, பூட்ட வேண்டிய நாளும் உண்டு. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்குகிற நாளில், ‘அவரவர் வேகம் அவரவருக்கு’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் வண்டி நகராது. கப்பர்நகூமில் ஒரு திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துவந்த சம்பவத்தை மாற்கு எழுதியிருக்கிறார். நால்வரும் ஒரே உயரமுள்ளவர்களாய் இருந்திருப்பார்களா? வழியெல்லாம் ஒருவருக்கொருவர் நடையை அனுசரித்தே வந்திருப்பார்கள். ஆனால் ஜனக்கூட்டத்தினால் வாசல் அடைபட்டபோது, நால்வரும் ஒன்றாய்க் கூரைமேல் ஏறி, அதைப் பிரித்து, நால்வரும் ஒன்றாய் அவனை இறக்கினார்கள். கயிற்றை விடும்போது ஒருவன் கை தளர்ந்திருந்தாலும் அந்த மனுஷன் சரிந்திருப்பான். ஆண்டவர் அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று வாசிக்கிறோம். சுமக்கப்பட்டவனுடைய விசுவாசத்தை மாத்திரம் அல்ல, சுமந்தவர்களுடைய விசுவாசத்தையும் கண்டார்.

அந்த நால்வரின் பெயர் வேதத்தில் இல்லை. நம் வண்டி ஏரிக்கரையைத் தாண்டி ஒரு குடிசை வாசலில் நிற்கும்போது, அங்கே இருக்கிற தாயாருக்கும் உங்கள் பெயர் தெரியாது. டிரைவர் தம்பியின் முகமும் சிஸ்டரின் முகமும்தான் அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்திருக்கிறீர்கள்.

இந்த மழைக்காலத்தில் மூன்று காரியங்களுக்காக ஜெபியுங்கள். ஏரிகள் நிரம்பவும், கரைகள் நிற்கவும் ஜெபியுங்கள். இரவில் வண்டி ஓட்டுகிற நம் தம்பிக்குத் தெளிந்த கண்களைத் தரும்படி ஜெபியுங்கள். மருந்து வரும் என்று நம்பிக் காத்திருக்கிற ஒருவரும் வெட்கப்பட்டுப் போகாதபடி ஜெபியுங்கள். உங்கள் காணிக்கை பெரிதோ சிறிதோ, அது மாதந்தோறும் வரட்டும்.

எந்நேரமும் நம்மைத் தாங்குகிற தேவன், வறண்ட நாளிலும் வெள்ள நாளிலும் உங்கள் வீட்டாரையும் உங்கள் கைகளின் பிரயாசத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.